எறிந்த உருளையும் எரித்த மரமும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளின் கையில் புத்தகம் இருக்கும். பெற்றோரின் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும். அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் பிள்ளை எங்கே வைத்துப் படிக்கப் போகிறது?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. வீடே வகுப்பறையாயிற்று. ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அப்போது கவலைப்பட்டோம். அது நியாயமான கவலைதான். ஆனால் அந்தத் தொலைபேசியை எதிரே வைத்து, குனிந்து எழுத ஒரு மேசை எத்தனை வீட்டில் இருந்தது? கட்டிலின் மேல் படுத்துக்கொண்டு எழுதிய பிள்ளைகள் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே தரையில் நோட்டைப் போட்டு எழுதிய பிள்ளைகள் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது, பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனால் மேசை வந்ததா? பல வீடுகளில் வரவில்லை. காசு இல்லை என்பது ஒரு காரணம். ‘தரையில உக்காந்து படிச்சாப் போதாதா?’ என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

இதற்கு ஒரு வழி சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அந்த வழி நம் சாலையோரத்திலேயே கிடக்கிறது.

கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாக சுங்கை பூலோவுக்குப் போகும் சாலையிலும், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கத்திலும், மின்கம்பி இழுக்கிற வேலை நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். கம்பி சுற்றி வரும் பெரிய மர உருளைகளை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். கேபிள் உருளை என்போம். பிள்ளைகள் கேபிள் சக்கரம் என்பார்கள். இரண்டு பக்கமும் வட்டப் பலகை. நடுவே பீப்பாய் போன்ற உடல். ஒரு வட்டத்திலிருந்து மறு வட்டம் வரை போய் இறுக்கிப் பிடிக்கும் நீண்ட இரும்புக் கம்பிகள். இதுதான் அதன் அமைப்பு. முழங்கால் உயர உருளையும் உண்டு. ஆளை மறைக்கும் உருளையும் உண்டு. கேபிளை இழுத்து முடித்ததும் உருளையின் வேலை முடிந்தது. வெளிச்சம் வீட்டுக்குள் போய்விடும். அதைச் சுமந்து வந்த உருளை மழையில் நனைந்து, கறையான் ஏறி, கடைசியில் நெருப்புக்குப் போகும்.

ஓய்வு நேரத்தில் இப்படிப்பட்ட உருளைகளைக் கேட்டு வாங்கி, மேசையும் முக்காலியும் புத்தக அடுக்கும் செய்வது என் பொழுதுபோக்கு. “என்ன வாத்தியாரே, சம்பளம் பத்தலையா? குப்பைய உருட்டிக்கிட்டு வர்றீங்க!” என்று சிலர் கேலி செய்வதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் நம் தோட்டத்துப் பழங்கதை ஒன்றைப் பேச வேண்டும்.

பழைய பொருளைப் புதிய பயனுக்கு மாற்றுவதை மேல்நாட்டார் இன்று ‘அப்சைக்கிளிங்’ என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள். நம் தாத்தா பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் வேலை தெரியும். பால் டின்னில் அரிசி அளந்தார்கள். அதே டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கடையில் காப்பி வாங்கி வந்தார்கள். மண்ணெண்ணெய் டின்னைத் தண்ணீர் வாளியாக்கினார்கள். பெட்டிப் பலகை கிடைத்தால் அது சாமி மாடமாயிற்று, துணி வைக்கும் அலமாரியாயிற்று. கிழிந்த சேலை தொட்டிலாயிற்று. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதை வாயால் சொன்னதோடு நிற்காமல் வாழ்ந்தே காட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் ஒரே ஒரு பொருளின் பயன் மட்டும் அவர்களுக்கும் தெரியவில்லை, துரைமாருக்கும் தெரியவில்லை. அது எது தெரியுமா? அவர்கள் நாள்தோறும் கட்டிப்பிடித்து வேலை செய்த ரப்பர் மரந்தான்!

ரப்பர் கன்றுகள் 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில அதே ஆண்டில் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின. அங்கிருந்து தொடங்கிய கதை சிலாங்கூர் முழுதும் காடாகப் பரவியதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை நன்றாகப் பால் கொடுக்கும். பிறகு பால் குறையும். மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரத்தை என்ன செய்தார்கள்? பெரும்பகுதியை அங்கேயே போட்டு எரித்தார்கள். மிச்சம் விறகாயிற்று. ஷீட் ரப்பரைப் புகை போட விறகு, செங்கல் சூளைக்கு விறகு, நம் அடுப்புக்கு விறகு. பிறையில் 1967இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலையில், இரும்பை உருக்குவதற்கு ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தினார்கள். அந்த மரத்துக்கு அப்போது கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

ஏன் அதில் நாற்காலி செய்யவில்லை? மரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வெளிர் மஞ்சள் நிறம், உறுதியும் உண்டு. ஆனால் வெட்டிப் போட்டால் சில நாட்களில் நீலக் கறை படரும். அப்புறம் வண்டு துளைத்து மாவு மாவாக உதிரும். ‘இது உளுத்துப் போற மரம், அடுப்புக்குத்தான் லாயக்கு’ என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள்.

கைகழுவாமல் ‘ஏன் உளுக்கிறது?’ என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லை. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தில், அந்த மரத்தைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள். பால் மரத்துக்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய இருக்கின்றன. அந்தச் சாப்பாட்டைத் தேடித்தான் பூஞ்சணமும் வண்டும் வருகின்றன. ஆகவே மரத்தைச் சாய்த்த சில நாட்களுக்குள் அறுத்துவிட வேண்டும். பலகையைப் பெரிய இரும்புக் கலத்துக்குள் அடைத்து, போரான் கலந்த மருந்து நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்த வேண்டும். பிறகு சூட்டறையில் வைத்து முறையாக உலர்த்த வேண்டும். இவ்வளவுதான். உளுக்கும் மரம் உளுக்காத மரமாயிற்று.

இன்னொரு குறையும் இருந்தது. ரப்பர் மரத்தின் அடிமரம் குட்டை; நீளமான, அகலமான பலகை கிடைக்காது. அதற்கும் வழி கண்டார்கள். துண்டுப் பலகைகளின் முனைகளைச் சீப்புப் பல் போல வெட்டி, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போலக் கோத்துப் பசை போட்டு ஒட்டினார்கள். சின்னத் துண்டுகள் சேர்ந்து பெரிய பலகையாயின.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இந்தத் தொழில் வளர்ந்தது. இன்று மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. ஜொகூரில் மூவார் பட்டணம் இந்தத் தொழிலால் பேர் பெற்றது. நம் பக்கத்தில் சுங்கை பூலோவிலும் தளவாடத் தொழிற்சாலைகள் எழுந்தன. நாம் விறகு என்று சொன்ன மரத்தை வெளிநாட்டில் ‘மலேசிய ஓக்’ என்று பெயர் சூட்டியும் விற்றார்கள்! 2017ஆம் ஆண்டில், உள்நாட்டு ஆலைகளுக்கே மரம் போதவில்லை என்பதால், அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் தடையே விதித்தது. எரித்துத் தீர்த்த மரம், வெளியே போகக் கூடாத மரமாகிவிட்டது. மரம் மாறவில்லை, ஐயா. நம் அறிவு மாறியது. அதனால் விலை மாறியது.

பெரியோர்களே, இந்தக் கதையைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். கொஞ்சம் வருத்தமும் படலாம். அந்த மரத்தை நம்மைவிட நெருங்கிப் பழகியவர் எவர்? அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்தே வயதைச் சொல்லக்கூடியவர்கள் நம் தோட்டத்தில் இருந்தார்கள். ஆனால் ‘ஏன்?’ என்று கேட்டு, சோதித்து, எழுதி வைக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கையில் அனுபவம் இருந்தது; படிப்பு வேறிடத்தில் இருந்தது. இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேர வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இங்கே பெற்றோர் ஒருவர் எழுந்து கேட்கலாம். “சார், நாங்க கத்தி புடிச்சோம், வாளி தூக்குனோம். எங்க புள்ள பேனா புடிக்கட்டும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம். நீங்க என்னடான்னா சுத்தியலக் குடுக்குறீங்க!”

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று பேர் கொடுத்து, நிரை பிடித்து, அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்தவர்கள் கேட்கிற கேள்வி அது. கை வேலை உங்களுக்குக் கட்டாயமாக வந்தது. கூலி குறைவாக வந்தது. மரியாதை அதைவிடக் குறைவாக வந்தது. அந்தத் துன்பம் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைப்பது தாய் தந்தையரின் தருமம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பால் மரம் சீவுவது சாதாரண வேலையா? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மரம் வளர்வதும் பட்டை மறுபடி முளைப்பதும் அதனால்தான். கத்தி அதைத் தொட்டால் மரத்தில் காயம். தொடாமல் தூரமாகச் சீவினால் பால் வராது. அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே கத்தி நிற்க வேண்டும். வெட்டும் சரிவாக, கோணம் மாறாமல் இறங்க வேண்டும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அளவுகோல் இல்லாமல், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்த அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கைக்கு ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று தெரியும். அவருடைய பிள்ளை வகுப்பில் மில்லிமீட்டரைப் புத்தகத்தில் படிக்கிறது. இரண்டு பேரும் ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும்? அம்மாவின் கைக்கு மரியாதை கிடைக்கும்; பிள்ளையின் கணக்குக்கு உயிர் கிடைக்கும். இன்று செம்பனைக் காட்டில் அரிவாள் பிடிக்கும் அப்பாவுக்கும் இது பொருந்தும்.

ஆகவே நான் சுத்தியலைக் கொடுப்பது பேனாவைப் பிடுங்குவதற்காக அல்ல. பேனா வைத்து எழுத ஒரு மேசை செய்வதற்காக!

இனி, செய்முறையைச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கேட்டு வாங்குங்கள். சாலையோரத்தில் நிற்கும் உருளை கேட்பாரற்றது என்று எண்ணாதீர்கள். பல உருளைகளைக் குத்தகையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கம்பி மிச்சமிருக்கும் உருளையின் பக்கமே போகாதீர்கள். வீண் வம்பு வரும். வேலை முடிந்த பிறகு அங்குள்ள மேற்பார்வையாளரிடம் பெரியவர் ஒருவர் போய்க் கேட்கட்டும். வேண்டாத காலி உருளையைப் பல நேரங்களில் மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மரக் கட்டுமானத்தோடு வரும் சரக்குகளுக்கு, மரத்தோடு பூச்சி வராமல் இருக்க, 2002ஆம் ஆண்டில் அனைத்துலக விதி ஒன்று ஏற்கப்பட்டது. அந்த விதிப்படி பதப்படுத்திய மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற படமும் சில எழுத்துகளும் குத்தியிருப்பார்கள். எச், டி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. பிள்ளைகள் புழங்கும் சாமானுக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லாமல் உள்நாட்டில் செய்த உருளையும் உண்டு. அதில் பச்சை நிறம் ஊறியிருந்தாலோ, தார் வாடை, எண்ணெய் வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். மருந்து ஏற்றிய பழைய மின்கம்பக் கட்டையையும் தொடாதீர்கள். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட மரத்தை அடுப்பிலும் வைக்காதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மூன்றாவது, உருளை உருளும்! இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெரிய உருளை மேட்டில் நின்று நகர்ந்தால் பிள்ளையை நசுக்கிவிடும். இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தனியாக உருட்டக் கூடாது. வீட்டு மேசைக்குச் சிறிய உருளையே போதும்.

நான்காவது, பிரிப்பது. மறை திருகியைக் கொண்டு இரும்புக் கம்பிகளைக் கழற்றினால் உருளை மூன்றாகப் பிரியும்: இரண்டு வட்டம், நடுவில் பீப்பாய்ப் பலகைகள். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டின்னில் போடுங்கள். எண்ணிப் பிடுங்குங்கள், ஒன்று தரையில் விழுந்தால் வெறுங்காலுக்கு ஆபத்து. வட்டப் பலகையை உற்றுப் பாருங்கள். பல உருளைகளில் இரண்டு அடுக்குப் பலகை இருக்கும். ஓர் அடுக்கு நெடுக்காக, மற்றோர் அடுக்கு குறுக்காக. ஏன்? ஈரம் பட்டால் பலகை அகலவாட்டில் வீங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய வீங்காது. ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக அடித்தால் ஒன்றை ஒன்று வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பலகையின் இரகசியமும் இதுதான்.

ஐந்தாவது, கால் வைப்பது. இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பிள்ளைக்கு ஒரு வட்டம் போதும். மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் ஆரத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு வட்டம் வரையுங்கள். கவராயம் வேண்டாம், ஓர் ஆணி, ஒரு நூல், ஒரு பென்சில் போதும். நடுவில் துளை இருக்குமே என்றால், அதை ஒரு சிறு பலகையால் மூடி அதன் மேல் ஆணியை நிறுத்துங்கள். அதே 25 சென்டிமீட்டர் அளவை மாற்றாமல், வரைந்த வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி, அடுத்த புள்ளி என்று வைத்துக்கொண்டே போங்கள். சரியாக ஆறாவது முறையில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவீர்கள். எந்த வட்டமானாலும் இப்படித்தான்: ஆரத்தால் அளந்தால் ஆறு! ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக எடுங்கள். மூன்று கால்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஏன் மூன்று கால்? நான்கு கால் மேசை, மேடு பள்ளமான தரையில் ஆடும். நாம் காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைப்போம். மூன்று கால் ஆடவே ஆடாது. எப்படிப்பட்ட தரையிலும் மூன்று முனையும் ஒருசேரப் படியும். நம் வீட்டுச் சிமெண்டுத் தரைக்கு இதுதான் ஏற்றது. ஆனால் இரண்டு காலுக்கு நடுவே விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் கவிழும். அதனால்தான் காலை விளிம்பை ஒட்டி வைக்கச் சொன்னேன்.

காலின் உயரம் எவ்வளவு? கடையில் விற்கும் மேசைக்குப் பிள்ளை பொருந்த வேண்டும். நாம் செய்யும் மேசை பிள்ளைக்குப் பொருந்தும். பிள்ளையைச் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். மேசையின் மேல்முகம் அந்த உயரத்துக்கு வரட்டும். முழங்கால் கீழே நுழைகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உருளையைச் சுற்றி அடித்திருந்த சட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டினால் கால்கள் கிடைக்கும். எல் வடிவ இரும்புத் தாங்கியும் திருகாணியும் இரும்புக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

ஆறாவது, மணல்தாள். முதலில் 80 எண், பிறகு 120, கடைசியில் 220. மர நார் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் தேயுங்கள். உள்ளங்கையால் தடவினால் சிலாம்பு குத்தக் கூடாது. பிறகு வார்னிஷ் இரண்டு தடவை பூசி, நன்றாக உலரவிடுங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதில் ஒரு பால் டின்னை இறக்குங்கள். பென்சில் வைக்க இடமாயிற்று. நம் பாட்டி அரிசி அளந்த டின் பேத்தியின் மேசையிலும் இருக்கட்டுமே!

உருளையைப் பிரிக்காமல் அப்படியே நிமிர்த்தி வைத்தால், இரண்டு வட்டத்துக்கும் நடுவே பீப்பாயைச் சுற்றி இடம் இருக்கிறது அல்லவா? சட்டங்களால் தடுப்பு வைத்தால் அது புத்தக அடுக்காகும். அடியில் சிறு சக்கரங்களைப் பொருத்தினால் பள்ளி நூலகத்தில் எங்கே வேண்டுமானாலும் தள்ளிப் போகலாம். எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் எடுக்கலாம்.

இது ஏழைகளுக்கான சமாளிப்பு மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலந்து நாட்டுப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரீத்வெல்ட், 1934இல் சரக்குப் பெட்டிப் பலகைகளைக் கொண்டு நாற்காலி வடிவமைத்தார். இந்தியாவில் சண்டிகர் நகரில் சாலைப் பணி ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், உடைந்த ஓடும் பீங்கானும் வளையல் துண்டும் சேர்த்துச் சிற்பங்கள் செய்தார். யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் செய்தார். 1976இல் அது பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவர் அரண்மனைக் கல்லைத் தேடவில்லை. நகரம் எறிந்ததை எடுத்தார்.

அதே நேரத்தில் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உருளையில் மேசை செய்து யாரும் மாளிகை கட்டிவிட முடியாது. இது பொழுதுபோக்கு. ஆனால் நல்ல பொழுதுபோக்கு பிள்ளையின் கையில் இருக்கும் திறமையை வெளியே காட்டிக்கொடுக்கும். தேர்வுத் தாளில் தலை கவிழும் சில பிள்ளைகள், பலகையையும் அளவுகோலையும் கொடுத்தால் தலை நிமிர்வதை நான் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்லி ஒதுக்கினால், ரப்பர் மரத்தை விறகென்று எரித்த பழைய தவற்றை மறுபடியும் செய்கிறோம். ‘ஏன் இவனுக்குப் படிப்பு ஏறவில்லை? எது ஏறும்?’ என்று கேட்பதுதான் ஆசிரியர் வேலை. பெற்றோர் வேலையும் அதுவே. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு தொழிற்கல்விக் கல்லூரி என்ற வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் என்று படிப்படியாக மேலேறும் தகுதி இருக்கிறது. அதற்கு மேலே டிப்ளோமாவும் இருக்கிறது. அந்த வாசலில் நம் பிள்ளைகள் நிற்க வேண்டாமா? அது இரண்டாந்தர வாசல் என்ற எண்ணத்தை முதலில் நம் வீட்டிலிருந்து விரட்ட வேண்டும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் பள்ளி விடுமுறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். கைபேசியைத் தள்ளி வையுங்கள். உருளை கிடைத்தால் உருளை. கிடைக்காவிட்டால் பழைய பெட்டிப் பலகை. வரைவதும் அளப்பதும் பிள்ளை செய்யட்டும். அறுப்பதும் அடிப்பதும் நீங்கள் செய்யுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அப்பாவோ அம்மாவோ தன்னோடு சேர்ந்து செய்த மேசையில் எழுதும் பிள்ளைக்கு எழுத்து கோணாது.

மாணவச் செல்வங்களே! எதையும் எறிவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். ‘இது என்ன மரம்? எங்கிருந்து வந்தது? ஏன் இப்படி அடித்திருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுவோம்.

மேசை செய்து முடித்தவர்கள், அதன் அடிப்பக்கத்தில் உங்கள் பெயரையும், உங்களோடு சேர்ந்து செய்த பெரியவரின் பெயரையும், ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். வரும் பள்ளித் தவணையில் யார் வீட்டில் மேசை வந்திருக்கிறது என்று பார்க்க நானே வருகிறேன். ஒரு கட்டக் காப்பி கொடுத்தால் போதும்.